படுத்திருந்த மான்

எழும்பு. எழும்பி ஓடிவிடு. நீ ஓடிவிட்டால் நான் ஒரு முடிவும் எடுக்கத் தேவையில்லை.

நாணைக் கன்னம் வரைக்கும் இழுத்துப் பிடித்தபடி பியற்றிஸ் மனதுக்குள் மன்றாடினாள். மான் எழும்பவில்லை. காய்ந்து சிவந்த புதர்களுக்கு நடுவே, கால்களை வயிற்றுக்கடியில் மடித்து வைத்துக்கொண்டு, வீட்டு மாட்டைப் போல அசைபோட்டுக்கொண்டு கிடந்தது. லண்டனின் ஓரத்து எப்பிங் காட்டில் அப்போதுதான் விடிந்திருந்தது.

"விடுங்கோ அக்கா," ஓக் மரத்தோடு ஒட்டி நின்ற தம்பி சூசைதாசன் கிசுகிசுத்தான். "கிளப்பில இதைவிடத் தூரத்துக்கெல்லோ விடுறனீங்கள்!"

"கிளப்பில வைக்கல் தட்டி. அதுக்கு உயிரில்லை."

"ஐயாவுக்கு இருக்குதே கொஞ்சம். அதை யோசியுங்கோ."

அவர்களுடைய ஐயா செபமாலைமுத்து, இல்ஃபோர்ட் வீட்டின் முன்னறையில், ஆஸ்பத்திரிக்காரர் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்ட உடம்போடு கிடந்தார். வன்னிக் காடுகளில் துவக்கோடு வேட்டைக்குத் திரிந்த மனிதர். ஒரு வாரமாகத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இறங்காத தொண்டையால் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மரை இறைச்சி, வன்னிக் காட்டுப் பெரிய மானின் இறைச்சி. லண்டனில் மரைக்கு எங்கே போவது என்று சூசைதாசன் சொன்னபோது, அவர் கண்ணை மெல்லத் திருப்பி மகளைப் பார்த்தார்.

"இவள் வில்லு விடுறவள்தானே. காடு கிடக்காம், மான் கிடக்காம். அடிச்சுக்கொண்டு வரட்டுமன்."

அவள் வேலைசெய்யும் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் கூட வேலைபார்க்கும் மோரீன்தான் அவளை வில்வித்தைக் கிளப்புக்கு முதலில் கூட்டிக்கொண்டு போனவள். நாலு வருடமாகிறது. போன வருடம் போட்டியில் கிடைத்த சின்னக் கிண்ணத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று ஐயா விழுந்து விழுந்து சிரித்தார். "நாற்பது வயசில குமருக்கு வில்லும் அம்பும்! ஆரைக் குறிபாக்கிறாய்?" வந்திருந்தவர்களும் சிரித்தார்கள். கலியாணமாகாத குமராகவே அவள் இருப்பது யாரால் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். மன்னாரில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அவளைப் பெண் கேட்டு வீட்டு வாசல் வரைக்கும் வந்தார். அவருடைய சாதியைக் கேட்டுவிட்டு, இருக்கவும் சொல்லாமல் அனுப்பியவர் ஐயா.

இப்போது அவளுடைய அம்புக்கு நேரே மானின் விலா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

விடாமலிருப்பதற்கு நல்ல காரணங்கள் அவளிடம் இருந்தன. இது போட்டி அம்பு, முனை கூரில்லை. படுத்திருக்கும் மிருகத்தின் இதயத்தை முழங்கால் மறைத்திருக்கிறது. பட்டாலும் உடனே சாகாது. அம்போடு ஓடிப்போய் எங்கேயாவது கிடந்து துடிக்கும். பிடிபட்டால் பொலிஸ். சூசைதாசனின் அகதி வழக்கு இன்னும் ஹோம் ஒஃபிஸில் கிடக்கிறது. ஒவ்வொன்றும் சரியான காரணம்தான். ஆனால் அவற்றையெல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தபோதே, அவற்றுக்கும் அடியில் வேறொன்று அசைவதை அவள் கண்டாள்.

வாழ்க்கை முழுக்க அவர் கேட்டதெல்லாம் கொடுத்தாயிற்று. இதையாவது கொடுக்காமல் விட வேண்டும்.

அந்த எண்ணம் எவ்வளவு தெளிவாக, எவ்வளவு இனிப்பாக இருந்ததென்றால், அவள் பயந்துபோனாள். மான் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. ஓடவில்லை. அவளை ஒரு பொருட்டாக எண்ணாதது போல மறுபடியும் அசைபோடத் தொடங்கியது.

பியற்றிஸ் வில்லை இறக்கினாள்.

"என்னக்கா?"

"கை நடுங்குது."

கை நடுங்கவில்லை.

திரும்பும்போது சூசைதாசன்தான் காரை ஓட்டினான். இல்ஃபோர்ட் லேனில் இறைச்சிக்கடை திறந்ததும் காரை நிறுத்திவிட்டுப் போய், ஒரு பொட்டலத்தோடு வந்தான்.

"கிடாய். நல்லா முத்தினது. மிளகு கூடப் போட்டு, தண்ணி வத்த விட்டுப் பிரட்டினா ஒருத்தருக்கும் தெரியாது."

"தம்பி, ஐயாவுக்குத் தெரியும்."

"அவருக்கு இப்ப உப்பும் தெரியாது, உறைப்பும் தெரியாது. பேசாம வாங்கோ."

அவனேதான் சமைத்தான். வீடு முழுக்கப் புகையும் மிளகு நெடியுமாக இருந்தது. கோப்பையில் நாலு துண்டு போட்டு அவள் கையில் கொடுத்தான். முன்னறைக் கட்டிலில் ஐயா தலையணைகளில் சாய்ந்திருந்தார். மணம் அவருக்கு எட்டியிருக்க வேண்டும்; மூக்கு விரிந்தது. பியற்றிஸ் ஒரு சின்னத் துண்டைப் பிய்த்து அவர் வாயில் வைத்தாள்.

அவர் மென்றார். விழுங்க முடியவில்லை. வெகுநேரம் கன்னத்துக்குள் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, சக்கையை அவளுடைய உள்ளங்கையில் உமிழ்ந்தார். பிறகு கேட்டார்:

"நிண்டதோ, படுத்திருந்ததோ?"

வேட்டைக்காரனின் கேள்வி. அந்தக் குரலில் பரிகாசம் இல்லை. ஊரில் துவக்கோடு திரும்பிவரும் ஆண்களைத்தான் அவர் அப்படிக் கேட்பார்.

"படுத்திருந்தது, ஐயா."

அது உண்மைதானே என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

"படுத்தது கஷ்டமெல்லோ. எத்தினை அம்பு?"

அவள் வாய் திறப்பதற்குள் கதவடியில் நின்ற சூசைதாசன் முந்திக்கொண்டான். "ஒண்டுதான் ஐயா! ஒரே அம்பு! ஆள் எழும்பவே இல்லை!"

ஐயா தம்பியைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொல்ல வேண்டியது அவளிடமிருந்தே வர வேண்டும் என்று காத்திருப்பது போல இருந்தது. பியற்றிஸ் ஓமென்று தலையை அசைத்தாள். மிகச் சிறிய அசைவு.

"கெட்டிக்காரி," என்றார் ஐயா.

நாற்பத்தொரு வயதில் முதல் தடவையாக அந்தச் சொல் அவளுக்குக் கிடைத்தது. கோப்பையைக் கொண்டுபோய் வைக்க வேண்டும், கையைக் கழுவ வேண்டும். அவள் போகவில்லை. அவர் மென்ற சக்கையைக் கைக்குள் பொத்தியபடி கட்டிலோடு நின்றாள். இன்னொரு தடவை சொல்வார் என்று காத்து நின்றாள். கொடுக்காததற்கும் செய்யாததற்கும் கிடைத்த சொல்லென்று நன்றாகத் தெரிந்துகொண்டே, ஒரு பிச்சைக்காரியைப் போல நின்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று பின்னேரம் அவருடைய மூச்சு நீண்டு நீண்டு நின்றுபோனது. சூசைதாசன் பங்குச் சாமியாருக்குப் போன் பண்ண ஓடினான். பியற்றிஸ் அவருடைய தாடையைத் துணியால் கட்டினாள். கட்டும்போது அவர் பல்லிடுக்கில் இறைச்சி நார் ஒன்று இருப்பதைக் கண்டாள். அதை எடுத்தாள். அழவில்லை.

அடக்கத்துக்கு முதல்நாள் மாலை செபத்துக்கு வந்த சனம் முன்னறையிலும் படிகளிலும் நிறைந்திருந்தது. செபமாலை முடிந்து தேத்தண்ணி வந்ததும் சூசைதாசன் கதையைத் தொடங்கிவிட்டான். இரண்டு நாளில் மான் கலைமானாகிவிட்டது, கொம்பும் முளைத்திருந்தது.

"எல்லாரும் பிள்ளையள் பெத்து வளக்கிறம்," றோஸ்மலர் மாமி மூக்கை உறிஞ்சினாள். "கடைசி ஆசையை இப்பிடி நிறைவேத்தி வைக்க ஆருக்குக் குடுத்து வைக்கும்? என்ர மூத்தவனிட்ட ஒரு இளநி கேட்டா, டின்னில வாங்கித் தருவான்."

சிலர் சிரித்தார்கள். மாமி பியற்றிஸின் கையைப் பிடித்துத் தடவினாள்.

"மனிசன் கண்மூட முதல் என்ன சொன்னவர் எண்டு தம்பி சொன்னவன். நீ குடுத்து வைச்சனீ பிள்ளை."

பியற்றிஸ் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, வெறும் கோப்பைகளைத் தட்டில் அடுக்கினாள். மாமியின் கைச்சூடு விரல்களில் இன்னும் இருந்தது.

குசினி வாசலில் சூசைதாசன் அவளை மறித்தான். கண்கள் வீங்கியிருந்தன.

"அக்கா, நாளைக்குப் பூசை முடிய ரெண்டு வார்த்தை நீங்கள் கதைக்க வேணும். சாமியாரும் கேட்டவர். அந்த மரைக் கதையைச் சொன்னாக் காணும்."

"நீ கதை தம்பி."

"நான் கதைச்சா மகன் கதைக்கிற கதை. நீங்கள்தானே அடிச்சது." சொல்லிவிட்டு அவன் ஒரு கணம் நின்றான். அவனே அதை நம்பத் தொடங்கிவிட்டான் என்பது அவளுக்குத் தெரிந்தது. "ஐயாவுக்காக, அக்கா. கடைசியா ஒருக்கா."

"நான் கதைக்க மாட்டன்."

"ஏன்?"

அவள் தட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு வாசல் பக்கம் போனாள். சனம் புறப்படத் தொடங்கியிருந்தது. ஒடுங்கிய நடைவழியில் நனைந்த சப்பாத்துகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. பியற்றிஸ் குந்தியிருந்து, ஒவ்வொன்றுக்கும் சோடி தேடி, போகிறவர்கள் காலை நுழைக்க வசதியாகக் கதவைப் பார்த்துத் திருப்பி வைக்கத் தொடங்கினாள்.