நிறுத்தக் கூடாத இடம்

நடுச்சாலையில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, இரு கைகளையும் விரல் விரிய ஸ்டியரிங்கின் மேல் வைத்த பிறகுதான் தான் செய்தது நுஸைபாவுக்கு உறைத்தது. ஓரத்தில் ஒரு போலீஸ் வண்டி நின்றிருந்தது, அவ்வளவுதான். அதிலிருந்தவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மஸ்கட்டின் பொறுமையனைத்தும் ஹாரனாகி முதுகுக்குப் பின்னால் அலறியது.

"யாரு நிறுத்தச் சொன்னா?" பக்கத்து இருக்கையிலிருந்த ஓட்டுநர் தேர்வு அதிகாரி ஹமூத் கேட்டார்.

யாரும் சொல்லவில்லை. சூடானில் போர் மூண்டபோது, அண்டை வீட்டாரை ஏற்றிக்கொண்டு கார்ட்டூமிலிருந்து வடக்கே ஓட்டிய சாலையில் உடல் தானாகவே கற்றுக்கொண்ட பாடம் அது. சோதனைச் சாவடி தென்பட்டால் நிறுத்து, அணை, இறக்கு, கையைக் காட்டு. அதில் தேறாதவர்களின் வண்டிகள் வழியெங்கும் கரிந்து கிடந்தன. அதற்குமுன் பல்லாண்டுகள், மகப்பேறு செவிலியாக, அந்த நகரத்தின் குண்டும் குழியுமான தெருக்களிலெல்லாம் அவள் வண்டி ஓட்டியிருந்தாள். அங்கே வாங்கிய ஓட்டுநர் உரிமம் மஸ்கட்டில் செல்லாது என்று ஆனபின், தேர்வுத் திடலில் பீப்பாய்களுக்கிடையே பின்னோக்கி ஓட்டி, புதுமாணவிபோல் தன் திறமையை நிரூபிக்க வேண்டியிருந்தது. "உனக்கு லைசன்ஸ் வர்றதுக்குள்ள ஒட்டகம் சிக்னல் போடக் கத்துக்கும்," என்று ஏற்கெனவே இருமுறை தோற்றவளைத் தம்பி பாபிகிர் கேலி செய்வான். அவளுக்கு வேலை தர முன்வந்த மலைக்கிராம மருத்துவமனையோ சிரிக்கவில்லை. வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்க, வண்டி ஓட்டும் செவிலி வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் உரிமம் இல்லையேல் வேலை வேறொருத்திக்கு.

"எறங்குங்க தங்கச்சி. நான் ஓட்டிட்டுப் போறேன். அடுத்த மாசம் வாங்க."

"எறங்க மாட்டேன்."

"என்னது?"

"டெஸ்ட் முடியலண்ணே. ரோடு மிச்சமிருக்கு."

"நடுரோட்டுல நிறுத்தினா ஃபெயிலு. பச்சப்புள்ளகூடச் சொல்லும்."

"நிறுத்தினது தப்புதான். ஆனா ஓட்டத் தெரியாம நிறுத்தல. எங்க ஊர்ல துப்பாக்கிக்காரனப் பாத்து நிறுத்தாதவங்க வீடு போய்ச் சேரல. நான் சேந்தேன். வண்டி நெறைய ஆளக் கொண்டுபோயும் சேத்தேன். அதையும் எழுதிக்கோங்க."

ஹமூத் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "அதுக்கு இதுல கட்டம் இல்லையேம்மா."

"அப்ப ஓட்டறதப் பாத்துட்டு எழுதுங்க."

பின்னால் ஒருவன் தலையை வெளியே நீட்டி, "தூங்கறதுன்னா வீட்டுல போய்த் தூங்கு!" என்று கத்தினான். ஹமூத்தின் உதட்டோரம் ஏதோ அசைந்தது. அது சிரிப்பா, எரிச்சலா என்று அவள் ஆராயவில்லை. இரக்கம் கிடைத்தால் வாங்கிக்கொள்ள அவள் கைநீட்டி நிற்கவுமில்லை. சாவியைத் திருப்பி, கண்ணாடியை ஏற்றினாள்.

"ரவுண்டானால ரெண்டாவது வழி. பாஸ் போடுவேன்னு சத்தியம் எதுவும் பண்ணல நான்," என்றார் அவர். அவருடைய கால், அவர் பக்கமிருந்த இரண்டாவது பிரேக்கின்மேல் ஏறி அமர்ந்தது.

ரவுண்டானாவின் முகப்பில் இன்னொரு போலீஸ் வண்டி. அருகே இருவர் நின்றிருந்தனர், இடுப்பில் துப்பாக்கியுடன். அவளுடைய இடக்கை கண்ணாடிப் பொத்தானை நோக்கிப் பாதிவழி போய்விட்டது. பல்லைக் கடித்து அதை ஸ்டியரிங்குக்கே திருப்பிக் கொண்டுவந்தாள். சுற்றிவந்த லாரிக்கு வழிவிட்டாள். பிறகு அந்த இருவரையும் நேருக்கு நேர் பார்த்தபடி, தயங்காமல் வட்டத்துக்குள் நுழைந்தாள். நடுப்புல்வெளியின் தெளிப்பான் சுழன்று, முன்கண்ணாடி முழுவதும் நீரை வாரியிறைத்தது. உலகம் ஒருகணம் கலங்கிக் கரைந்தது. வண்டி நிற்காமல் அதனூடே திரும்பிக்கொண்டிருந்தது.