முப்பிடாதி கடையின் முதல் போணி

ஆறுமுகத்தாய் பள்ளிக்கூடத்து வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று மகளின் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடை என்றால் ஒரு பெஞ்சு, அதன்மேல் ஒரு எவர்சில்வர் தூக்கு, அவ்வளவுதான். பாளையங்கோட்டையில் அந்தப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்த பிறகு பிள்ளைகளுக்குத் தொழில் பழக்கும் வகுப்பு நடக்கிறது. ஆளிடம் பேச, விலை வைக்க, மாட்டேன் என்பதை முகம் கோணாமல் சொல்ல, எல்லாம் செல்வமணி டீச்சர் கற்றுக்கொடுக்கிறார். இன்று சாயங்காலம் அந்தப் பிள்ளைகளின் சந்தை.

அப்பா இறந்த பிறகு முப்பிடாதி வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருந்தாள். இந்த வகுப்புக்குப் போன பிறகுதான் பேச்சு திரும்பியது. பொரிவிளங்கா உருண்டை விற்கலாம் என்றது அவள்தான். வீட்டில் பிடிக்கிற அளவில் பிடித்தால் கடிக்கச் சுத்தியல் வேண்டும், கோலிக்குண்டு அளவில் பிடித்தால் வாயில் ஒதுக்கிக்கொண்டு பஸ் ஏறலாம் என்று யோசனை சொன்னதும் அவள்தான். தாயும் மகளும் விடியற்காலையில் கருப்பட்டிப் பாகு காய்ச்சி உருட்டினார்கள். உருண்டை பிடித்த தன் கைக்கு ராசி பார்க்காத ஆறுமுகத்தாய், போணி பண்ணுகிற கைக்குப் பார்த்தாள். அது என்ன நியாயமோ.

ஊர் அவளை அப்படிப் பழக்கியிருந்தது. புருஷனை இழந்தவள் எதிரே வந்தால் ஒரு நிமிஷம் நின்று போகிற தெரு அது. அண்ணன் மகள் கல்யாணத்திலேயே அவள் அடுப்படியைத் தாண்டவில்லை, வா என்று கூப்பிடவும் ஆளில்லை. முதல் வியாபாரம் தன் கையால் நடந்து, சரக்கு அப்படியே வீடு திரும்பினால் பிள்ளை மறுபடி வாயை மூடிக்கொள்வாளே என்பதுதான் அவள் பயம். அதனால் பலசரக்குக் கடை தளவாய் அண்ணாச்சியிடம் நேற்றே போய்க் கெஞ்சியிருந்தாள். அண்ணாச்சி கைராசிக்காரர் என்று பேர். புதுக்கடை திறக்கிறவர்கள் முதலில் அவரைத்தான் தேடுவார்கள்.

சொன்னபடி அண்ணாச்சி வந்தார், நோட்டை நீட்டினார். முப்பிடாதி வாங்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி. மொத போணி எங்கம்மைக்குன்னு வச்சிருக்கேன்."

ஆறுமுகத்தாய்க்கு உயிரே போய்விட்டது. வலிய வந்த லட்சுமியை எவளாவது திருப்புவாளா? அண்ணாச்சி பிள்ளை பார்த்த பக்கம் திரும்பினார். மரத்துக்குப் பின்னால் பாதிச் சேலை தெரிந்தது. அவருக்கு விளங்கிவிட்டது. அதற்குள் அவர் பின்னால் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். முப்பிடாதி அவர்களிடமும் அதையே சொன்னாள். குரல் நடுங்கியது, முகம் மட்டும் கோணவில்லை. காத்திருக்க மாட்டாமல் ஒரு அம்மாள் நகர்ந்து போய்விட்டாள்.

இனியும் ஒளிந்து நின்றால் கடையே கெட்டுவிடும். ஆறுமுகத்தாய் தலையைக் குனிந்தபடி வந்தாள்.

"ஏட்டி, அண்ணாச்சிக்கே குடு. எங்கையி ஆவாது."

"தெனமும் இந்தக் கையிலதானம்மா வாங்கித் திங்கேன். எனக்கு என்ன ஆச்சு?"

ஆறுமுகத்தாய்க்கு அழுகைதான் வந்தது.

"நீ பண்ணு தாயி, நான் நிக்கேன்" என்றார் அண்ணாச்சி. "எங்கைராசி எங்க ஓடப்போவுது?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு நாணயத்தை எடுத்துக் கொடுத்தாள். முப்பிடாதி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பொட்டலத்தை அம்மாவுக்குக் கொடுப்பதுபோல் கொடுக்கவில்லை, கடைக்கு வந்த பெரிய மனுஷிக்குக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் நீட்டினாள். அடுத்து அண்ணாச்சி வாங்கினார். வரிசை நகர்ந்தது.

ஆறுமுகத்தாய் பொட்டலத்தைப் பிரிக்கக்கூடத் தோன்றாமல் ஓரமாக நின்றாள். பக்கத்துப் பெஞ்சில் ஸ்வீட்லின் நன்னாரி சர்பத் வைத்திருந்தாள். முப்பிடாதியின் கூட்டாளி. அவள் கடைக்கு அதுவரை ஒரு ஈ காக்கை வரவில்லை.

"அத்தை, அப்படியே இங்கனயும் போணி பண்ணிட்டுப் போங்களேன்" என்று கூப்பிட்டாள்.

வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்து ஆறுமுகத்தாய் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. பஸ்ஸுக்கு வைத்திருந்த காசை எடுத்துக்கொண்டு அந்தப் பெஞ்சுக்குப் போனாள்.