அரைக் கட்டை கீழே

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவள் என் நாத்தனார். துணி மடித்துக்கொண்டே சொன்னாள், சொல்லி முடித்ததும், "எழுதுங்க அண்ணி, எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதுக்குள்ள" என்றாள். அவள் கீபோர்டு வாசிப்பவள். பாடுகிறவர் அவளுடைய அண்ணன், அதாவது என் கணவர். வரவேற்பு, ஆண்டு விழா எதுவானாலும் இந்த இருவர்தான் கச்சேரி. டிரம்ஸ், பேஸ், வயலின் எல்லாம் அவள் முன்னால் நிற்கும் பெட்டிக்குள் இருந்து வரும்.

அந்தப் பெட்டி ஒரு பாட்டின் நடுவில் உயிரை விட்டது. (எந்தப் பாட்டு என்று கேட்காதீர்கள். கதை அதைப் பற்றியதல்ல.) புதிய ஒர்க்ஸ்டேஷன் கீபோர்டு வாங்க அண்ணனும் தங்கையும் கடைக்குப் போனார்கள்.

2

இப்படித் தொடங்கினேன்: மழை தூறிய அந்த மாலையில் அவள் விரல்கள் இரண்டு பறவைகளைப் போல—

மழையும் இல்லை, பறவையும் இல்லை. அவள் விரல்கள் அந்தக் கடையில் பார்த்தது ஒரே வேலை: டிரான்ஸ்போஸ் பட்டனைத் தேடின. அதை அழுத்தினால், வழக்கமான கீகளையே வாசித்தாலும் பாட்டு முழுவதும் அரைக் கட்டை கீழே இறங்கிவிடும். என் கணவரின் குரல் கொஞ்ச காலமாகவே மேலே ஏற மறுக்கிறது. அது அவருக்குத் தெரியாது. [தெரியாது என்பதா, ஒப்புக்கொள்ள மாட்டார் என்பதா? இப்போதைக்கு முன்னதே இருக்கட்டும்.] ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் அவள் இடது கட்டைவிரலால், குனிந்துகூடப் பார்க்காமல், சத்தமில்லாமல் இறக்கிவிடுவாள். கூட்டம் கைதட்டும். இவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்.

3

கடையில் அவளுக்குப் பிடித்தது சின்னது. அந்தப் பட்டன் இடது ஓரத்தில், கைக்கு வாகாக இருந்தது. அவருக்குப் பிடித்தது, ஆளைவிட நீளமாகத் தெரிந்த பெரியது.

"அண்ணா, இது கனம். மேடை மேடையா யாரு தூக்குறது?"

"நான் தூக்குறேன்."

"கார்ல ஏறாது."

"பின் சீட்டை மடக்கிக்கலாம்."

"எதுக்கெடுத்தாலும் ஸ்கிரீனைத் தொட்டு மெனுக்குள்ள போகணும். அவசரத்துக்கு ஆகாது."

"வாசிக்கிறப்ப உனக்கு அப்படி என்ன அவசரம்?"

அவளிடம் இருந்த பதிலைச் சொல்ல முடியாது. விற்பனையாளரிடம் தணிந்த குரலில், "இதுல டிரான்ஸ்போஸ் எங்க?" என்று கேட்டாள்.

அவர் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "மெனுவுக்குள்ள இருக்கு மேடம். அதை யாரு தொடப்போறா? சார் ஒரிஜினல் சுருதியிலயே பாடுவார்ல?"

"பின்ன?" என்றார் என் கணவர்.

(இந்த இடத்தில் நாத்தனார் ஒரு சட்டையை மூன்றாவது தடவையாக உதறி மடித்தாள்.)

4

பாடிப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. முதலில் சின்னது. கட்டைவிரல் பழக்கத்தில் தானாக அழுத்திவிட்டது. அவர் அருமையாகப் பாடினார். பிறகு பெரியது.

இங்கே அவளுக்கு அந்த மெனு சமயத்தில் கிடைத்துவிட்டதாக ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன். கிடைக்கவில்லை. ஸ்கிரீனில் என்னென்னவோ வந்தது, அது மட்டும் வரவில்லை. அதற்குள் அவர் தொடங்கிவிட்டார். சரணத்தில், மேலே போகும் இடத்தில், குரல் உடைந்தது. நிறுத்தி, மறுபடி பிடித்தார். மறுபடியும் அதே இடத்தில் உடைந்தது. மூலையில் கிட்டார் தட்டிக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார்.

என் கணவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அந்தப் பெரிய பெட்டியைக் காட்டிச் சொன்னார்:

"இது சரியில்ல. தொண்டைக்கு ஒத்து வரல. சின்னதையே எடு."

"சார், பெட்டிக்கும் தொண்டைக்கும் என்ன..." என்று விற்பனையாளர் தொடங்கினார்.

"நீங்க பில் போடுங்க" என்றாள் நாத்தனார்.

5

முடிவு. திரும்பும் வழியில் காரை ஓரம் கட்டி அவர் கண் கலங்குவதாக ஒன்று எழுதினேன். அவரோடு குடித்தனம் நடத்துகிற எனக்கே அது சகிக்கவில்லை. கடைசிவரை அவருக்குத் தெரியாமலே போவதாக இன்னொன்று. அது அவரை முட்டாளாக்குகிறது. அவ்வளவு முட்டாளும் இல்லை.

நடந்தது இதுதான். புதுக் கீபோர்டோடு முதல் கச்சேரி. அவர் மைக்கைக் கையில் எடுத்தவர், கூட்டத்தைப் பார்க்காமல் பின்பக்கம் திரும்பி நின்றார். பார்வை அவளுடைய இடது கைப்பக்கம். கட்டைவிரல் பட்டனை அழுத்தும்வரை அப்படியே நின்றார். அப்புறம் திரும்பிப் பாடினார்.

"அப்போ அவருக்குத் தெரியுமா?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும் அண்ணி? தண்ணி பாட்டிலும் அந்தப் பக்கம்தான் இருந்துச்சு."

இதை வைத்துக்கொண்டு என்ன முடிவை எழுதுவது? அவரையே கேட்டுவிடலாம்தான். அடுத்த அறையில்தான் சாதகம் செய்துகொண்டிருக்கிறார். இப்போது சரணத்துக்கு வந்துவிட்டார். நான் கேட்பதாக இல்லை. தெரிந்தே ஆகவேண்டும் என்றால் நீங்கள் போய்க் கேளுங்கள். ஆனால் அவர் அந்த இடத்தைத் தாண்டட்டும்.