தபீதாளின் தொண்டைக்குள்

விழுங்குவதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறது என்பதை எலியேசர் நம்பினதே இல்லை. மகன் ஜோனத்தானுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் ஜெரூஷா அந்தப் படிப்புதான் படித்திருக்கிறாள் என்றார்கள். பேச்சு வராதவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி, விழுங்க முடியாதவர்களுக்கு விழுங்கும் பயிற்சி. அவர் சம்பந்தி முகத்துக்கு நேராகவே கேட்டார்.

"கண்ணுக்குட்டிக்கு யாருங்க டியூசன் வெச்சாங்க?"

சம்பந்தி சிரித்து மழுப்பிவிட்டார். பெண் சிரிக்கவில்லை.

கல்யாணமாகிக் குழந்தை பிறந்தது. ஜோனத்தானுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. ஜெரூஷா ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு அவனோடு போனாள். தொழில் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டதில் அதுவும் காலாவதியாகிப் போயிற்று. போனால் போகட்டும், அதனால் யார் சோறு இறங்காமல் செத்தார்கள் என்று எலியேசர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

போன வருஷம்தான் எலியேசர் இருக்கிற முடிச்சூருக்கே திரும்பி வந்தார்கள். குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் ஜெரூஷா பழைய புத்தகங்களைத் தூசி தட்டினாள். வகுப்புகளுக்குப் போனாள். பதிவைப் புதுப்பித்தாள். சேலையூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். இத்தனை வருஷம் தொடாத வேலை என்பதால் கொஞ்ச நாளைக்கு விஷ்ணுப்ரியா மேடம் என்கிற சீனியர் பக்கத்தில் இருக்க வேண்டும், தானாக எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்று ஏற்பாடு.

"அப்போ எல்பர்னு சொல்லு," என்றார் எலியேசர்.

"ஆமா மாமா, ஹெல்பர்தான்," என்று அவள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டாள். சண்டைக்கு வராத மருமகளை என்ன செய்வது என்று அவருக்கு விளங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எலியேசரின் மனைவி தபீதாளுக்குப் பக்கவாதம் அடித்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியில் அவள் விழுங்குவதைப் பார்த்தவர்கள், வாய் வழியாக ஒரு சொட்டும் கூடாது என்று சொல்லி மூக்கில் குழாய் வைத்தே வீட்டுக்கு அனுப்பினார்கள். கஞ்சி, மாத்திரை, தண்ணீர் எல்லாம் அந்தக் குழாயில்தான் போயின. ஊருக்கெல்லாம் மீன்குழம்பு ஊற்றினவளின் நாக்கு சும்மா கிடந்தது.

சாப்பாட்டைக்கூட அவள் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான். இடது கையின் இரண்டு விரல்களைக் குவித்து உதட்டுக்குக் கொண்டுபோவாள், பிறகு நெஞ்சில் வைப்பாள். எலியேசருக்குப் புரிந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு கோயிலில் அப்பமும் திராட்சரசமுமாகக் கொடுக்கும் திருவிருந்து. பிள்ளைப்பேற்றுக்குப் படுத்தபோதுகூட ஆயரை வீட்டுக்கு வரவழைத்து வாங்கிக்கொண்டவள் அவள்.

யாரிடமும் கேட்காமல் அவரே போய் ஆயர் சுந்தர்சிங்கிடம் சொல்லிவிட்டு வந்தார். அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆயர், சின்னக் கிண்ணமும் அப்பமும் வைத்த பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். தபீதாளைத் தலையணை வைத்து உட்கார்த்தி, முக்காடு போட்டுவிட்டிருந்தார் எலியேசர். ஆயர் ஜெபத்தைத் தொடங்கும் நேரத்தில் ஜெரூஷா மகளோடு உள்ளே வந்தாள். பெட்டியைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு நேரே கட்டிலுக்குப் போனாள்.

"ஐயா, ஒரு நிமிஷம். அத்தைக்கு வாயால எதுவும் கூடாது."

"எதுவும்னா இட்லி தோசைம்மா," என்றார் எலியேசர். "இது ஆண்டவரோட சரீரம், ரத்தம். இது போயி நெஞ்சுல அடைக்குமா?"

"தொண்டை அதெல்லாம் பார்க்காது மாமா. வழி தவறிச்சுன்னா நுரையீரலுக்குப் போகும். நிமோனியா வரும்."

"அப்போ ஆண்டவரே அவள சாவடிப்பாருன்ற."

"எலியேசர்," என்றார் ஆயர் மெதுவாக, "வாயால வாங்க முடியாதவங்க விசுவாசத்தோட நினைச்சாலே போதும். சபையே அப்படித்தான் சொல்லுது."

"நீங்க போதும்னுவீங்க ஐயா. அவ போதும்னு சொல்லணுமே."

எல்லாரும் தபீதாளைப் பார்த்தார்கள். அவள் முக்காட்டை இடது கையால் இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது. ஆயர் ஜெபம் பண்ணிவிட்டுப் பெட்டியை மூடினார்.

வாசல் வரை போன ஆயரை ஜெரூஷா நிறுத்தினாள். "ஐயா, இன்னும் ஜெபிச்சுப் பிரதிஷ்டை பண்ணாத அப்பமும் திராட்சரசமும் கொஞ்சம் தருவீங்களா?"

"எதுக்கும்மா?"

"அத்தை தொண்டைக்குள்ள கேமரா விட்டு விழுங்கச் சொல்லிப் பார்க்கலாம். எதைக் கொடுக்கப் போறோமோ அதையே வெச்சுப் பார்த்தாத்தான் தெரியும். கூடாதுன்னு ஆச்சுன்னா கூடாதுதான். ஆனா பார்க்காமலே கூடாதுன்னு சொல்ல எனக்கு மனசு இல்ல."

கேமரா என்றதும் எலியேசர் வாய்க்குள் ஏதோ திட்டினார். தாம்பரத்திலிருந்து ஊரப்பாக்கம் வரைக்கும் ஆழ்துளைக் கிணறு போட்டவர் அவர். குழாயில் கை வைத்தால் கீழே பாறையா மணலா என்று சொல்லிவிடுவார். பிற்பாடு ஒருத்தன் கிணற்றுக்குள் இறக்குகிற கேமராவோடு வந்தான். பாறை இடுக்கில் தண்ணீர் சலசலவென்று ஓடுவதை டிவிப் பெட்டியில் காட்டினான். பம்பு இறக்கினால் புழுதிதான் வந்தது. வேறே எந்தக் கிணற்றுப் படத்தையோ காட்டி ஏமாற்றியிருக்கிறான். அன்றிலிருந்து, ஓட்டைக்குள் விட்டு எடுத்த படம் எதையும் எலியேசர் நம்புவதில்லை.

ஜெரூஷா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் தபீதாளை நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். டாக்டர் நூடுல்ஸ் பருமனுக்கு ஒரு கருப்புக் குழாயை எடுத்து, குழாய் இல்லாத மூக்குத் துவாரம் வழியாக மெல்ல உள்ளே விட்டார். தபீதாளின் கண்ணில் தண்ணீர் வந்தது. எலியேசர் அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டார்.

விஷ்ணுப்ரியா மேடம் குள்ளமானவர், குரல் மட்டும் பெரிசு. "ஜெரூஷா, இது உன் மாமியார். முடிவு நான்தான் சொல்லுவேன். நீ என்னென்ன பார்க்கிறியோ வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே இரு," என்றார்.

திரையில் படம் வந்தது. சிவப்பாக, ஈரமாக, ஒரு குகை. அதன் அடியில் இரண்டு வெள்ளை விளிம்புகள் கூடாரக் கதவு மாதிரி விரிந்து விரிந்து குறுகின.

"இது இவளோடதுதானா?" என்றார் எலியேசர்.

"வேற யாரோடது சார்?" என்று டாக்டர் சிரித்தார்.

எலியேசர் சிரிக்கவில்லை. மனைவியின் காதருகே குனிந்தார். "தபீ, ஒருவாட்டி இருமு."

அவள் இருமினாள். திரையில் அந்த வெள்ளை விளிம்புகள் இரண்டும் படாரென்று மோதிப் பிரிந்தன. "இன்னொருவாட்டி." மறுபடியும் மோதின.

எலியேசர் நிமிர்ந்தார். இத்தனை வருஷமாக அவர் வாங்கின ஏச்செல்லாம் இந்த இரண்டு வெள்ளைக் கீற்றுகளிலிருந்தா வந்தது? கோயிலில் பாட்டுக்காரர்களையெல்லாம் தாண்டி மேலே எழும்புமே அந்தக் குரல், ஜோனத்தானைத் தூங்கவைத்த பாட்டு, எல்லாம் இந்த இத்துனூண்டு இடத்திலிருந்தா? அவர் பூமிக்குள் எத்தனையோ ஆழம் போயிருக்கிறார். பக்கத்தில் படுத்திருந்தவளின் கழுத்துக்குள் இப்படி ஒன்று இரவும் பகலும் திறந்து மூடிக்கொண்டிருந்தது தெரியாமலே இருந்திருக்கிறார்.

ஜெரூஷா பச்சைச் சாயம் கலந்த தண்ணீரை அரை ஸ்பூன் கொடுத்தாள். பச்சை, நாக்கின் பின்னாலிருந்து வழிந்து வந்தது. வெள்ளை விளிம்புகள் மூடுவதற்குள் அவற்றுக்கு நடுவே நழுவிக் கீழே போயிற்று.

"மூச்சுக்குழாய்க்குள்ள போயிடுச்சு மேடம். இருமல் வரல."

"இருமலயே," என்றார் எலியேசர். "அப்போ நல்லாத்தான கீது?"

"அதுதான் மாமா பயம். உள்ள போனது அத்தைக்கே தெரியல."

எலியேசரின் முகம் செத்துப்போயிற்று. "முந்தாநாளு நான் ஒரு ஸ்பூனு டீ குடுத்தேன்," என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. "இருமல. அதான் இன்னும் ஒரு ஸ்பூனு குடுத்தேன்."

ஒருத்தரும் அவரைத் திட்டவில்லை. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துத் தபீதாளின் முதுகில் வைத்துக் கேட்டார். இப்போதைக்கு ஒன்றும் கேட்கவில்லை, காய்ச்சல் வருகிறதா என்று கவனியுங்கள் என்றார். "இனிமே வேணாம் மாமா," என்றாள் ஜெரூஷா. அவ்வளவுதான்.

பிறகு அவள் கோயில் அப்பத்தை ரசத்தில் ஊறவைத்து, கட்டியில்லாமல் குழைத்து, அதில் பச்சைச் சாயம் விட்டாள். ஒரு ஸ்பூன் நுனியில் எடுத்துக் கொடுத்தாள். பச்சைக் குழைவு மெதுவாக இறங்கியது. தபீதாள் விழுங்கினாள். ஆனாலும் தொண்டையின் வலது பக்கத்துப் பள்ளத்தில் பாதி தங்கிவிட்டது.

"வலது பக்கம் தள்ளுறதுக்குப் பலம் இல்ல. அத்தை, தலையை வலது பக்கமாத் திருப்புங்க. தாடையைக் கீழ இறக்குங்க. அந்தப் பக்கத்தை மூடிட்டா நல்ல பக்கம் வழியாப் போகும். இப்ப விழுங்குங்க."

தபீதாள் விழுங்கினாள். திரை முழுக்க வெள்ளையாயிற்று. குகை இல்லை, விளிம்பு இல்லை, ஒன்றுமே இல்லை. கண் மூடித் திறக்கிற நேரம்தான். மறுபடி சிவப்பு வந்தது.

"படம் போச்சே," என்றார் எலியேசர். அவருக்குள்ளிருந்த பழைய ஆள் விழித்துக்கொண்டான். "முக்கியமான எடத்துல நிறுத்திட்டீங்களே."

"நாங்க நிறுத்தல மாமா. விழுங்குற நொடியில எல்லாருக்கும் தொண்டை கேமராவையே மூடிடும். அந்த நொடியை இதுல யாரும் பார்க்க முடியாது."

"டாக்டருக்கும் தெரியாதா?"

"எனக்கும் தெரியாது," என்றார் டாக்டர்.

"முன்னாடி என்ன இருந்துச்சு, பின்னாடி என்ன மிச்சம் இருக்குன்னு பார்த்துத்தான் சொல்லணும்," என்றாள் ஜெரூஷா.

எலியேசர் திரையையே பார்த்தார். பள்ளம் காலியாக இருந்தது. வெள்ளை விளிம்புகளில் ஒரு துளிப் பச்சை இல்லை. கோடிக்கணக்கான ஜனங்கள் காலையிலிருந்து ராத்திரி வரை டீயும் சோறும் எச்சிலுமாக விழுங்குகிறார்கள். ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒரு கதவு சாத்துகிறது, கண்ணுக்கு மறைவில் காரியம் நடக்கிறது, மறுபடி கதவு திறக்கிறது.

"என்ன சொல்றே?" என்று மேடம் கேட்டார்.

ஜெரூஷா காலியான பள்ளத்தைத் திரையில் இன்னொரு தரம் பார்த்தாள்.

"இன்னும் சில தரம் பார்க்கணும் மேடம். முதல் தடவை சரியா வந்ததை நம்பி நான் சொல்லமாட்டேன்."

அந்த ஒரு வார்த்தையில்தான் எலியேசர் அவளை நம்பினார். தொட்டவுடனே தண்ணீர் என்கிறவனைத்தான் அவர் வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறார்.

மறுபடி கொடுத்தாள். மறுபடி திரை வெள்ளையாகித் தெளிந்தது. திரும்பத் திரும்பப் பார்த்தாள். தபீதாளுக்குக் களைப்பு வருகிறதா என்று நிறுத்தி, மூச்சு வாங்கவிட்டுப் பார்த்தாள். கடைசியில் ஸ்பூனைத் தட்டில் வைத்தாள்.

"தண்ணி கூடாது. டீ கூடாது. மூக்குக் குழாய் இருக்கட்டும். ரசத்துல ஊறின அப்பம், இதே பதத்துல, ஸ்பூன் நுனி அளவு, நிமிர உட்கார்ந்து, வலது பக்கம் திரும்பி. காய்ச்சல் இல்லாத நாள்ல. கூட நான் இருக்கணும். கொடுக்கலாம் மேடம்."

"நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்," என்றார் விஷ்ணுப்ரியா. "கொடுக்கலாம்."

பார்க்க முடியாத ஒரு நொடிக்கு இந்தப் பெண் பொறுப்பு ஏற்கிறாள். ஒருகாலத்தில் இந்த வேலையையே விட்டுப் போனவள், திரும்பி வந்து ஏற்கிறாள். எலியேசர் அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார். தபீதாளின் செருப்பைத் தேடிப் போட்டுவிட்டார்.

காய்ச்சல் வரவில்லை. அந்த வாரமே ஒரு சாயங்காலம் ஆயர் பெட்டியோடு திரும்பி வந்தார். அப்பத்தை ரசத்தில் போட்டு, ஜெரூஷா காட்டின பதம் வரும்வரை பொறுமையாகக் குழைத்தார். தபீதாள் தலையை வலது பக்கம் திருப்பினாள். திரும்பிய முகத்துக்கு நேரே எலியேசர்தான் இருந்தார்.

ஆயர் ஸ்பூனை அவள் வாயில் வைத்தார். அவள் கண்ணை மூடினாள். சுருங்கிய கழுத்தில் ஓர் எலும்பு மேலே ஏறி இறங்கிற்று. வெளியிலிருந்து தெரிவது அவ்வளவுதான். அடுத்த வார்த்தையைச் சொல்ல வேண்டிய ஆயர் அதைச் சொல்லாமல் ஜெரூஷாவைப் பார்த்தார்.

ஜெரூஷா மாமியாரின் கழுத்தோடு காதை வைத்து, மூச்சில் ஈரச் சத்தம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் கையைத் தூக்கி, பொறுங்கள் என்றாள். யாரும் அசையவில்லை. பிறகு நிமிர்ந்து ஆயரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அதற்கப்புறம்தான் ஆயர் ஜெபத்தைத் தொடர்ந்தார்.