ஒரு நிமிட மௌனத்துக்கு நன்றி

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்குத் தபால்காரர் செத்துப்போனார். அந்தச் செய்தியை அவரே தன் காதால் கேட்டார்.

அது ஒரு ஹாம் ரேடியோ கோஷ்டி. லைசென்ஸ் வாங்கி, வீட்டில் ஒரு செட்டை வைத்துக்கொண்டு, ஞாயிறுதோறும் பத்து மணிக்கு முகம் தெரியாதவர்களோடு அரட்டை அடிப்பவர்கள். ரிட்டயர்டு தபால்காரருக்கு அங்கே பெயர் 'தபால்'. ஒரு மாதமாக அவர் செட்டுக்குக் காது இருந்தது, வாய் போய்விட்டது. உள்ளே ரிலே என்று ஒரு சின்னச் சாமான். பொத்தானை அழுத்தினால் செட்டைக் கேட்பதிலிருந்து பேசுவதற்கு மாற்றிவிடுவது அதுதான். அது தீய்ந்துவிட்டது.

வாராவாரம் நண்பர்கள், "தபால், இருக்கீங்களா?" என்று கூப்பிடுவார்கள். இவர் இங்கே, "இருக்கேன், இருக்கேன்" என்று பொத்தானை அமுக்குவார். கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம். கடைசியில் கோஷ்டித் தலைவர் 'வெண்கலம்', தன் கணீர்க் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நம்ம தபால் நம்மள விட்டுப் போயிட்டார்னுதான் நினைக்கிறேன். ஒரு நிமிஷம் மௌனமா இருப்போம்" என்றார்.

ரேடியோவில் வெறும் இரைச்சல் கேட்டது. தபால்காரரும் எழுந்து நின்றார். என்ன இருந்தாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே!

"உயிரோட இருக்கேன்னு ஒரு போன் பண்ணிச் சொல்லித் தொலைக்கிறதுதானே?" என்றாள் மனைவி.

"நம்பர் தெரியாதே."

"பதினஞ்சு வருஷமா பேசுறீங்க. நம்பர் தெரியாதா?"

"ரேடியோ இருக்கும்போது போன் எதுக்கு?"

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "இங்க பாருங்க, பொண்ணு கைக்குழந்தையோட வர்றா. வர்ற ஞாயித்துக்கிழமையும் அந்தப் பெட்டி பேசலேன்னா, பழைய சாமான்காரருக்குத்தான். மேசை எனக்கு வேணும்."

"சரி. ஓவர்."

"வீட்டுல ஓவர் சொல்லாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது!"

முன்பென்றால் இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. கடைத்தெரு முனையில் ரேடியோ கடை இருந்தது. ஆறடி அகலம்தான். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். கூரையில் ஓர் ஓட்டை, அது வழியே மொட்டைமாடி ஆன்டெனாவுக்குப் போகும் வயர். உள்ளே நுழைந்ததும் வயர்களைப் பற்றவைக்கிற ஈயப் புகை மூக்கில் ஏறும். கடைக்காரர் லேசில் புதுச் சாமான் தரமாட்டார். "பழசு எங்க? கொண்டாங்க பாப்போம்" என்பார். சரிபண்ணி, மைக்கைக் கையில் கொடுத்து, காற்றில் யாராவது ஒருவர் பதில் சொல்லும்வரை நம்மைப் படி இறங்க விடமாட்டார். யாரும் சிக்காவிட்டால், தானே பின்பக்க அறைக்குப் போய் இன்னொரு செட்டில், மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ரொம்பத் தூரத்துலேருந்து பேசறேன், தெளிவா கேக்குது" என்பார். எல்லோருக்கும் தெரியும். யாரும் காட்டிக்கொள்ளமாட்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகள் வீட்டோடு போகிறேன் என்று கடையைக் காலிசெய்தவர், வாடிக்கைக்காரர்களுக்கு ஆளுக்கோர் இழுப்பறையைக் கொடுத்துவிட்டுப் போனார். தபால்காரருக்குக் கிடைத்தது குமிழ்கள். செட்டில் பிடித்துத் திருகுகிற பிளாஸ்டிக் குமிழ்கள். அத்தனை வருஷம் பழகியதற்குக் குமிழா! அந்த மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை. அதில் ஒன்றை மனைவி பாத்திர மூடியில் மாட்டியபோதும் அவர் ஏனென்று கேட்கவில்லை.

கடைக்காரரின் விலாசமாவது கிடைக்குமா என்று புதன்கிழமை காலை கிளம்பிப் போனார். கடை இருந்த இடத்தில் இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை.

"இங்க ரேடியோ கடை வச்சிருந்தாரே..." என்று ஆரம்பித்தார்.

"விலாசம் தெரியாது சார்" என்று முடித்துவைத்தாள் கல்லாவில் இருந்த பெண். ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டாள். "உக்காந்து கூரையைப் பாத்துட்டுப் போங்க. மாசத்துக்கு நாலு பேர் வர்றாங்க. எல்லாரும் அந்த ஓட்டையைத்தான் பாக்குறாங்க. அடைக்கலாம்னா மனசு வரமாட்டேங்குது."

உட்கார்ந்து பார்த்தார். திரைக்குப் பின்னால் யாருக்கோ கண் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது.

"மேல் வரிசை படிங்க சார்."

"எக்கோ."

"என்ன சார்?"

"எக்கோ. அதுக்குக் கீழ ஃபாக்ஸ்ட்ராட், டாங்கோ."

"சார், எழுத்தைச் சொல்லுங்க. டான்ஸ் எல்லாம் வேணாம்."

தபால்காரர் துள்ளி எழுந்தார். காற்றில் எழுத்து குழம்பும் என்று ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும், 'E'க்கு எக்கோ என்கிற மாதிரி, ஒரு முழு வார்த்தை சொல்வது ரேடியோக்காரர்கள் பழக்கம். போதாததற்கு, அந்தக் குரல்!

"வெண்கலம்! தபால் பேசறேன். கேக்குதா? ஓவர்!"

திரை விலகியது. அந்தக் குரலுக்கு மனசுக்குள் ஆறடி உடம்பும் முறுக்கு மீசையும் கொடுத்திருந்தார் தபால்காரர். வந்தவரோ ஒற்றைநாடி, கண் பரிசோதனைக்கு மாட்டிய கண்ணாடிச் சட்டம் மூக்கில் தொங்கியது.

"உங்களுக்கு மௌனம் அனுசரிச்சாச்சேய்யா!"

"கேட்டேன். அம்பது செகண்டுதான் இருந்தீங்க."

"இருமல் வந்துடுச்சு" என்றார் வெண்கலம், குற்ற உணர்வோடு.

விசாரித்ததில், இவர் சனிக்கிழமை வாடிக்கை, அவர் புதன்கிழமை. வருஷக்கணக்காக ஒரே படி ஏறியும் பார்த்துக்கொண்டதில்லை. ரிலே கதையைத் தபால்காரர் சொன்னதும் வெண்கலத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ரிலேயா? ஒரு இழுப்பறை நிறைய என் வீட்டுல தூங்குது! மனுஷன்கிட்ட நான் கேட்டது ஒரே ஒரு குமிழ். ரிலேயைக் கட்டி என் தலையில வச்சுட்டுப் போயிட்டார். ரெண்டு வருஷமா குறடாலதான் திருகிட்டிருக்கேன்."

தபால்காரர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "குமிழ் என்கிட்ட இருக்கு."

இருவரும் கூரை ஓட்டையை அண்ணாந்து பார்த்தார்கள்.

"கில்லாடி! ஒருத்தரை ஒருத்தர் தேடட்டும்னு வேணும்னே மாத்திக் குடுத்திருக்கார்" என்றார் வெண்கலம்.

வெண்கலத்தின் செட்டுக்குப் பொருந்திய ஒரே குமிழ் பாத்திர மூடியில் இருந்தது. மனைவி முணுமுணுத்துக்கொண்டே அதைக் கழற்றிக் கொடுத்தாள்.

ஞாயிறு பத்து மணி. தபால்காரர் பொத்தானை அழுத்தினார். உள்ளே வெண்கலம் கொடுத்த ரிலே 'டிக்' என்றது.

"தபால் பேசறேன். போன வார மௌனம் கிடைச்சுது. ரொம்ப நன்றி. ஓவர்."

ஏழு பேர் ஒரே நேரத்தில் கத்தியதில் ஒன்றுமே புரியவில்லை. "ஒவ்வொருத்தரா பேசுங்க! அப்படியே யார்கிட்ட எந்த இழுப்பறை இருக்குன்னும் சொல்லுங்க" என்று அதட்டினார் வெண்கலம். ஒருவர் ஃபியூஸ் என்றார், ஒருவர் ஸ்விட்ச், ஓர் அம்மாள், "எனக்கு வெறும் ஆணிதாங்க" என்றாள்.

அப்போது இரைச்சலுக்கு நடுவே, மூக்கைப் பிடித்துக்கொண்ட மாதிரி ஒரு குரல் வந்தது: "ரொம்பத் தூரத்துலேருந்து பேசறேன். தெளிவா கேக்குது."

மனைவி கைவேலையை விட்டுவிட்டு வந்து வாசற்படியில் நின்றாள்.

தபால்காரர் பொத்தானை அழுத்தினார். "யாருன்னு தெரியலையே. இருந்தாலும் ரொம்ப சந்தோஷம். ஓவர்."