முதல் கவளம்

வியாழக்கிழமை காலை புதூர்நாட்டில் லாரியிலிருந்து டீசல் என்ஜினை இறக்கியதும் நீலாவதி ஒரு காரியம் செய்தாள். அதை அவளிடம் யாரும் கேட்கவில்லை, யாருக்கும் அது தேவைப்படவுமில்லை. என்ஜின் மேல் வலது கையை வைத்து, சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"இந்த என்ஜின் கருங்காட்டூர் மண்ணைத் தொடுற வரைக்கும் என் வாயில சோறு படாது."

மெக்கானிக் பாண்டுரங்கன் வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். அவர் ஒடுகத்தூரில் பம்புசெட் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். என்ஜினைப் பத்திரமாக மலைமேல் ஏற்றி, அங்கே ஏற்கெனவே கொண்டுபோய் வைத்திருந்த அரவை மிஷினோடு பூட்டி, ஓட்டிக் காட்டுவது அவர் பொறுப்பு. புதூர்நாட்டோடு ரோடு முடிந்துவிடும். அங்கிருந்து கருங்காட்டூருக்கு ஒற்றையடிப் பாதைதான். சக்கரங்களைக் கழற்றிய பிறகும் பதினாறு ஆள் தோள் கொடுத்தால்தான் அந்த இரும்பு அசையும்.

"இன்னாத்துக்கு டீச்சர் இதெல்லாம்?"

"அவங்க தோள் கொடுக்கறாங்க மேஸ்திரி. என் பங்குக்கு நான் இன்னா கொடுக்கறது?"

"ஒண்ணும் கொடுக்காதீங்க. ஓரமா நில்லுங்க."

"சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேர்ந்துருவோம்."

"யாரு சொன்னது?"

"நான்தான் சொல்றேன்."

அதற்கு மேல் பேசிப் பயனில்லை என்பது பாண்டுரங்கனுக்குத் தெரியும். நீலாவதி கண்ணமங்கலத்துக்காரி. பாடம் சொல்லிக்கொடுக்க மலைக்கு வந்தவள், வேலையை விட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டாள். கருங்காட்டூர்ப் பெண்கள் கோழி கூவும் முன் எழுந்து உரலில் சாமை குத்துவதையும், குத்தி முடித்த கையோடு கொல்லைக்குக் களையெடுக்கப் போவதையும் மூன்று வருடமாகப் பார்த்தவள். அவர்களைச் சேர்த்து ஒரு சங்கம் வைத்தாள். ஊரில் ஒரு வீடு விடாமல் புளி சேர்த்து விற்று இந்த என்ஜினை வாங்க வைத்தாள். அவளோடு வேலை செய்வதில் ஒரு பெரிய தொல்லை உண்டு. முடியாது என்று சொன்னால் கோபப்பட மாட்டாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஏன் முடியாது என்று உண்மையான அக்கறையோடு கேட்பாள். பதில் சொல்லிக்கொண்டே நாம் பாதி வேலையை முடித்திருப்போம். என்ஜினைப் புதூர்நாட்டில் ஒப்படைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவதாகத்தான் பாண்டுரங்கன் வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார். இப்போது கையில் வடக்கயிறோடு ஏற்றத்தில் நின்றுகொண்டிருந்தார்.

நீலாவதி முன்னால் நின்று "தூக்கு!" என்று குரல் கொடுத்தாள். என்ஜினோடு சேர்த்துக் கட்டிய கழிகள் தோள்களில் எழுந்தன. கொஞ்ச தூரம் போய் இறக்கினார்கள். மறுபடி "தூக்கு!". உச்சி வேளைக்குச் சுந்தரம்மாளும் மற்றப் பெண்களும் கூடைகளில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்து தேக்கிலைகளைப் பரப்பினார்கள். ஆட்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள், நீலாவதியைப் பார்த்தார்கள். அவள் கைகூப்பிச் சிரித்துத் தலையசைத்தாள். அவர்கள் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துகொண்டார்கள். ஒருவரும் சோற்றைத் தொடவில்லை.

நீலாவதிக்குக் கண் கலங்கிவிட்டது. "பார்த்தீங்களா மேஸ்திரி? நான் ஒரு வார்த்தை சொல்லலை. அவங்களாவே எங்கூட விரதம் இருக்கறாங்க!"

"நல்லாப் பார்த்தேன்" என்றார் பாண்டுரங்கன். "டீச்சர், நானும் புரட்டாசி சனிக்கிழமை ஒருபொழுது இருக்கறவன்தான். அன்னைக்குக் கடையைத் தொறக்க மாட்டேன், இரும்பைத் தொட மாட்டேன். பட்டினின்னா பட்டினி, பாரம்னா பாரம். ரெண்டையும் ஒரே ஆள் தலையில வைக்கக் கூடாது."

"மனசு நெறைஞ்சா பாரம் தெரியாது மேஸ்திரி."

அவர் ஒடுகத்தூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த தயிர்சோற்றை ஒரு பாறைக்குப் பின்னால் போய், திருடன் மாதிரித் தின்றுவிட்டு வந்தார்.

சாயங்காலத்துக்குள் அவர்களால் ஓடைவரைக்கும்தான் போக முடிந்தது. எடுத்த சுமையை நடுவழியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் வழக்கம் இல்லை என்று எல்லாரும் கரையிலேயே படுத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஓடைக்கு அப்பால் செங்குத்தான ஏற்றம். சின்னராசு முன் கழியில் இருந்தான். மலையிலேயே திடமான ஆள். பாதி ஏற்றத்தில் அவன் முழங்கால் நடுங்குவதைப் பாண்டுரங்கன் பார்த்தார். "இறக்குங்க" என்று அவர் கத்துவதற்குள் கழி தோளிலிருந்து நழுவியது. என்ஜின் ஒருபக்கமாகச் சாய்ந்து, சரளைக் கல்லை அரைத்துக்கொண்டு கீழ்நோக்கி நகர்ந்தது. மேலே புங்கமரத்தில் சுற்றியிருந்த வடம் விறைத்து, முறுகி, தாங்கிக்கொண்டது. சின்னராசுவின் பாதத்துக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி.

பாண்டுரங்கன் என்ஜினுக்கு அடியில் கல்லை அடைகொடுத்துவிட்டு வந்து சின்னராசுவின் தோளைப் பிடித்தார்.

"டேய், கடைசியா எப்போ சாப்ட்ட?"

அவன் தரையைப் பார்த்தான்.

"கேக்கறேன் இல்ல? டீச்சர் சோறு வேணாம்னா அது அவங்க கஷ்டம். உனக்கு இன்னாடா வந்துச்சு? நீயும் சத்தியம் பண்ணியா?"

"இல்ல மேஸ்திரி."

"அப்புறம்?"

"எப்படிங்க சாப்பிடறது?" என்றான் சின்னராசு. அதற்கு மேல் சொல்ல வெட்கப்பட்டு மற்றவர்களைப் பார்த்தான். மற்றவர்கள் மரத்தைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்துக்குச் சுந்தரம்மாள் கூடையோடு வந்து சேர்ந்தாள். நடந்ததைக் கேட்டாள். கூடையைப் பொத்தென்று கீழே வைத்தாள்.

"இவங்க சொல்ல மாட்டாங்க. சோத்துக்கு வாய் விட்டுக் கேட்ட மாதிரி ஆயிடும். நான் சொல்றேன். எங்க மலையில வேலைக்குக் கூப்பிட்டவங்கதான் முதல் கவளம் எடுக்கணும். மனசார போடறேன், நம்பித் தின்னுன்னு அதுக்கு அர்த்தம். அவங்க கை வைக்காத சோத்துல கூலிக்காரன் கை வைப்பானா?"

பாண்டுரங்கன் திரும்பி நீலாவதியைப் பார்த்தார். அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

"எனக்கு யாரும் சொல்லலையே."

"மூணு வருசமா எந்த வேலையானாலும் முதல் இலை உங்களுக்குத்தானே போட்டோம் டீச்சரம்மா? இன்னான்னு நெனைச்சீங்க?"

"மரியாதைன்னு நினைச்சேன்."

"ரொம்பத்தான்" என்றாள் சுந்தரம்மாள்.

பாண்டுரங்கனுக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. "அவங்களாவே விரதம் இருக்கறாங்க, மனசு நெறைஞ்சிருக்குது! கேட்டுக்குங்க, நல்லாக் கேட்டுக்குங்க. அந்த வடம் அறுந்திருந்தா இவன் காலு போயிருக்கும் டீச்சர். உக்காந்து சாப்பிடுங்க முதல்ல."

நீலாவதி உட்காரவில்லை. "இத்தனை பேர் முன்னாடி சத்தியம் பண்ணினேன். நானே வாக்கு மாறினா நாளைக்கு என் பேச்சை யார் நம்புவாங்க?"

"உங்க சத்தியத்தை உங்க வயித்துல கட்டிக்குங்க" என்றாள் சுந்தரம்மாள். "என் தம்பி வயித்துல கட்டாதீங்க."

சின்னராசு அவள் தம்பி. அது நீலாவதிக்குத் தெரியும். இருந்தும் அப்போதுதான் தெரிந்ததுபோல அவனுடைய காலைப் பார்த்தாள். கல்லில் உரசிப் பாதத்தின் ஓரம் தோல் உரிந்திருந்தது. இலைக்கு முன்னால் மண்டியிட்டு ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கசப்பு மருந்து குடிக்கிறவள் மாதிரி விழுங்கினாள்.

"சத்தியத்தை உடைச்சுட்டேன். எல்லாரும் பார்த்துக்குங்க" என்றாள்.

யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் சோற்றில் கை வைத்திருந்தார்கள். கூடைகள் காலியாகி, பெண்கள் இன்னொரு நடை போய்க் கொண்டுவர வேண்டியிருந்தது. சாப்பிட்டவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்து குறட்டை விட்டார்கள்.

நீலாவதி வானத்தைப் பார்த்தாள். என்ஜினைச் சுற்றி நடந்தாள். "இப்பக் கிளம்பினாக்கூட..."

"உக்காருங்க டீச்சர்."

உட்கார்ந்தாள். அவளுக்கு அதுதான் விரதத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை காலை மேற்கே கருமேகம் கட்டியிருந்தது. மழை இறங்கினால் அந்த ஏற்றம் வழுக்குப் பாறையாகிவிடும். நீலாவதி பாண்டுரங்கனிடம் வந்தாள்.

"இன்னைக்குப் புரட்டாசி சனிக்கிழமை. நீங்க இரும்பைத் தொட மாட்டீங்களே. நாளைக்குப் பார்த்துக்கலாமா?"

அவள் எதையும் நாளைக்கு என்று சொல்லி அவர் கேட்டதில்லை. அதுவே அவருக்கு எரிச்சலாக இருந்தது. "மானம் இருட்டிக்கிட்டு நிக்குது, நாளைக்காம் நாளைக்கு! போய் ஆளைக் கூப்பிடுங்க."

"நீங்களே கூப்பிடுங்க மேஸ்திரி. எங்க தூக்கணும், எங்க இறக்கணும்னு உங்களுக்குத்தான் தெரியும்." சொல்லிவிட்டு அவள் பின் கழிக்குப் போய், ஆட்களுக்கு நடுவில் தோளைக் கொடுத்தாள். அவள் உயரத்துக்கு அந்தக் கழி தோளில் படவேயில்லை. அதைச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

பாண்டுரங்கன் முன்னால் போய் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "தூக்கு!" என்றார்.

மழைக்கு முன்னால் என்ஜின் கருங்காட்டூர் மண்ணைத் தொட்டது. கொட்டகையில் இறக்கி, சக்கரங்களை மாட்டி, பெல்ட்டைப் பூட்டி, அவர் கைப்பிடியைச் சுற்றினார். இரண்டு முறை இருமிவிட்டு மூன்றாவது முறை என்ஜின் பிடித்துக்கொண்டது. உரல் பிடித்துக் காய்த்துப்போன கைகள் மிஷினிலிருந்து கொட்டிய அரிசியை ஏந்தின. நீலாவதி ஒரு பிரசங்கம் செய்வாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

அந்த அரிசியிலேயே சோறு வடித்தார்கள். வரிசையாக இலை போட்டார்கள். சுந்தரம்மாள் முதல் இலையைக் கொண்டுவந்து பாண்டுரங்கனுக்கு முன்னால் வைத்து, ஆவி பறக்கும் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றினாள்.

"எனக்கு வேணாம்மா. இன்னைக்குச் சனிக்கிழமை. பொழுது சாஞ்சு கும்பிட்ட பிறகுதான்."

"காலையில 'தூக்கு'ன்னு கூப்பிட்டது யாரு?"

பாண்டுரங்கன் நிமிர்ந்து பார்த்தார். சின்னராசு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அடுத்து மற்றவர்கள். எல்லாருடைய சோறும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. எல்லாரும் அவர் கையைப் பார்த்தார்கள். வரிசையின் கடைசியில் நீலாவதி, உதட்டைக் கடித்துக்கொண்டு, முகத்தை மிகவும் அடக்கமாக வைத்திருந்தாள்.

சிறு வயதிலிருந்து விட்டுப்போகாத விரதம். இரும்பைத் தொட்டதோடு பாதி போயிருந்தது.

"பெருமாளே" என்று முனகிவிட்டு அவர் ஒரு கவளத்தை உருட்டி வாயில் போட்டுக்கொண்டார். வரிசை முழுவதும் கைகள் இறங்கின.

"குழம்புல உப்பு கம்மி" என்றார் எரிச்சலோடு. சுந்தரம்மாள் சிரித்துவிட்டாள்.

நீலாவதி தன் இலையைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மேஸ்திரி, எனக்கு ஒரு யோசனை. அந்த ஓடையில ஒரு சின்னப் பாலம் மட்டும்..."

"பேசாதீங்க டீச்சர்" என்றார் பாண்டுரங்கன். "வாயில சோறு இருக்குது."