குழாயடிக் கல்

“கோட்டுச் சூட்டோடைதான் அனுப்பவேணும்—”

“கலியாணத்துக்குப் பிறகு அவர் கோட்டுப் போட்டதே இல்லை, அண்ணை—”

“அதுக்கு? உந்த ஒறேஞ் ஜக்கற்றைப் போட்டுப் சவப்பெட்டியிலை வளத்துறதோ? சனம் சிரிக்கும், பேர்பெச்சு.”

“மச்சானுக்கு ஜெர்மன் அரசாங்க உத்தியோகமெண்டு ஊரெல்லாம் சொன்னது நீங்கள்தானே. இது அரசாங்கம் குடுத்த சட்டை.”

அண்ணன் பீலிக்ஸ் கையில் பிடித்திருந்த கோட்டை விடவில்லை. பேர்பெச்சுவாவின் மடியில் கணவனின் ஜக்கற் கிடந்தது. கை மடிப்பில் இன்னும் மணல்.

தொழிற்சாலை மூடிய பிறகு, வேலையில்லாதவர்களுக்கென்று நகரசபை கொடுத்த தற்காலிக வேலை அது. ஆ-பே-எம் என்பார்கள். ஜேசுரட்ணம் கல்லறைகளுக்கு நடுவே போகும் சேமக்காலைப் பாதைக்கு முழங்காலில் நின்று கல் பதித்தார். எங்கே, என்ன வேலை என்று பீலிக்ஸ் ஒருநாளும் கேட்டதில்லை. நகரசபை என்றதும் டோர்ட்மண்டிலிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் உத்தியோகமாக்கிவிட்டார்.

பாதை முடிந்தது. வேலையும் முடிந்தது. ஜேசுரட்ணம் வீட்டோடு முடங்கினார்.

“சேமக்காலைக் குழாயடியிலை ஒரு கல்லுக் கீழை தாண்டுபோச்சு, பேர்பெச்சு.”

“விடுங்கோவன். அது இனி உங்கடை வேலையோ?”

“நான் பதிச்ச கல்லெல்லே.”

கடைப்பையில் மணலும் ஒரு சுத்தியலுமாய்ப் போனவரை, காவலாளி வாசலிலேயே மறித்துத் திருப்பிவிட்டான். இப்போது நீ இங்கே வேலைக்காரன் இல்லை என்றானாம். அந்தப் பை பல்கனியில் கிடந்து நனைந்தது. போன செவ்வாய்க்கிழமை காலை அதைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் வெளிக்கிட்டார். சப்பாத்து நாடா கட்டக் குனிந்தவர் நிமிரவேயில்லை.

கடைசியில் கோட்டுத்தான் வென்றது. கோயிலில், அண்ணன் சொல்லிக் கொடுத்தபடியே சுவாமியாரும் “அரசாங்க உத்தியோகத்தர்” என்றார். பேர்பெச்சுவா மடித்த ஜக்கற்றைக் கைப்பையோடு சேர்த்து அணைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்திருந்தாள்.

சேமக்காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. கறுப்புடை ஆட்கள் பெட்டியை வண்டியில் வைத்துத் தள்ளினார்கள். பாதையில் வண்டி வழுக்காமல், ஆடாமல் போனது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளிதான். அவள் அதைப் பார்த்தபடியே நடந்தாள்.

தண்ணீர்க்குழாய் தெரிந்தது. அதன் கீழே, ஒரு கல்லளவு பள்ளத்தில் மழைநீர் தேங்கி நின்றது.

“மெல்ல… மெல்ல,” என்றாள்.

தள்ளியவர்களுக்குத் தமிழ் விளங்கவில்லை. வண்டிச் சில்லு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பெட்டி ஒருதரம் குலுங்கி அடங்கியது. சேற்றுத் தண்ணீர் பீலிக்ஸின் சப்பாத்தில் தெறித்தது.

அவர் குனிந்து துடைத்துக்கொண்டே தங்கையிடம் கேட்டார்:

“ஆரடி உந்தக் கல்லைப் பதிச்சவன்?”